பேசியவர் பெயர்

இன்ஸ்பெக்டரின் ஆள்காட்டி விரல் பதிவேட்டின் ஐந்தாவது கட்டத்தில் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. விரல் நின்ற இடத்திலெல்லாம் வாய்விட்டுப் படித்தார்.

“சுந்தரம். சுந்தரம். சுந்தரம். இது என்ன, சுந்தரம். இதுவும் சுந்தரம்.”

நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்திலும் அதே பெயர்தான். அதற்கடுத்த பக்கத்திலும் அதேதான். பங்குனி மாத வெயிலில் முத்திரை அரக்கு தானாகவே இளகி, அறை முழுக்க அதன் வாடை அடித்துக்கொண்டிருந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“சுந்தரம்ங்கிறது யாரு?” என்று கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

“நான்தான் சார்.”

“அப்ப இந்த ஊர்ல டெலிபோன்ல பேசுற ஆளு நீங்க ஒருத்தர்தான். ஒருத்தர் பேசுறதுக்காக புதுக்கோட்டையிலேர்ந்து கம்பம் நட்டு கம்பி இழுத்திருக்கோம். அப்படித்தானே?”

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நான் மணமேல்குடிக்கு மாற்றலாகிப் போனதைச் சில வாரங்களுக்கு முன்னால் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றுபோனதையும் சொல்லியிருந்தேன். ‘ஏன் அப்படித் தூக்கி அடித்தார்கள்?’ என்று கேட்டு நாலைந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. சொல்லக்கூடாது என்று மறைக்கவில்லை. சொல்ல அலுப்பாக இருந்தது. இந்த வயதில் எதையும் யாருக்கும் நிரூபிக்கும் தெம்பு எனக்கு இல்லை.

எழுதலாமா என்று கேட்க வேண்டியவரிடம் கேட்டேன். “ஊர் பேரு வேணாம். ஆளு பேரப் போட்டு எழுதுங்க” என்று சொல்லிவிட்டார். ஆகவே ஊர், அன்னவாசலிலிருந்து குடுமியான்மலை போகும் பக்கம் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலம், நயா பைசா வந்து பழகிவிட்ட காலம்.

போனுக்குப் பொட்டு வைத்த நாள்

அங்கே நான் சப் போஸ்ட்மாஸ்டர். அந்தப் பெரிய பெயரைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். தபால் முத்திரை குத்துவதும் நான், தந்தி கொடுப்பதும் நான், காலையில் வாசலைக் கூட்டுவதும் நான். மனைவி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வல்லத்திராக்கோட்டையில் என் பெற்றோரிடம் இருந்தாள். ஆபீசுக்குப் பின்னால் ஓர் அறையில் நானே பொங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

ஊருக்கு டெலிபோன் வேண்டும் என்று மனுப் போட்டு, புதுக்கோட்டைக்கு நடையாய் நடந்து வாங்கி வந்தவர் அம்பலகாரர். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் தாம்பூலம் அவருக்குத்தான். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, இடி மாதிரி குரல்.

போன் வந்த அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் புதுக்கோட்டை எக்ஸ்சேஞ்சில் மணி அடிக்கும். நம்பரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியூர் என்றால் அரை மணியும் ஆகும், அரை நாளும் ஆகும். கிடைத்தால் மூன்று நிமிடம். நடுவில் எக்ஸ்சேஞ்சுக்காரர் குறுக்கிட்டு, முடிக்கவா நீட்டிக்கவா என்று கேட்பார்.

ஒரு வருடம் வைத்துப் பார்ப்பது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்து லைனை வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று முடிவு செய்வது என்பது இலாகாவின் ஏற்பாடு. அதற்காகத்தான் அந்தப் பதிவேடு. நாள், நேரம், கூப்பிட்ட நம்பர், எத்தனை நிமிடம், கடைசியில் பேசியவர் பெயர். ஐந்து கட்டங்கள்.

முதல் அழைப்பு அம்பலகாரருடையது. புதுக்கோட்டையில் அவர் நெல் போடும் மண்டிக்குப் போட்டேன். ஊர் மொத்தமும் வாசலில் நின்றது. அந்தப் பக்கம் எடுத்தவன் புது ஆள் போலிருக்கிறது. “யாரு பேசுறது?” என்று கேட்டிருக்கிறான்.

அம்பலகாரரின் முகம் சுருங்கியது. அந்த மனிதரைப் பார்த்து, நீ யார் என்று அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார்.

“யாருன்னு கேக்குறான். நீங்களே சொல்லிப் பேசுங்க.”

பேசினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். நான் அதை ரிசீவரில் சொன்னேன். வந்த பதிலைத் திருப்பி அவருக்குச் சொன்னேன். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், அதுவே வழக்கமாகிவிட்டது. டெலிபோனில் பேசுவது என்றால் போஸ்ட்மாஸ்டரைப் பேசவைப்பது. தானே ரிசீவரைப் பிடித்துத் தன் பெயரை எவனிடமோ சொல்லிக்கொள்வது கௌரவக் குறைச்சல். அம்பலகாரரே செய்யாததை நாம் செய்யலாமா என்று அடுத்த வீட்டுக்காரர் நினைத்தார். அவரைப் பார்த்து அதற்கடுத்த வீட்டுக்காரரும் அப்படியே செய்தார்.

ஊருக்கு ஒரு வாய்

‘சரி, பதிவேட்டில் அவரவர் பெயரை எழுதித் தொலைத்திருக்கலாமே?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இன்ஸ்பெக்டரும் அதைத்தான் கேட்டார்.

அதற்கு முன்பு வேறோர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது, பதிவுத் தபால் வாங்க வந்த ஒரு கிழவருக்குக் கை நடுங்கியது. பாவமாக இருந்ததால் அவர் பெயரை நானே எழுதித் தபாலைக் கொடுத்து அனுப்பினேன். அது பெரிய வம்பாகி மெமோ வந்தது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், யாருக்காகவும் யார் பெயரையும் எழுதக்கூடாது என்று அப்போது மேலதிகாரி ஒரு மணி நேரம் நிற்கவைத்துச் சொன்னார். சூடு கண்ட பூனையானேன். கட்டத்தின் தலைப்பு பேசியவர் பெயர். பேசியது நான். என் பெயரை எழுதினேன்.

முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது நேர்மையாகத் தோன்றியது.

பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போகும். சாயங்காலம் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பேன். என்னென்னவெல்லாம் பேசியிருக்கிறேன் தெரியுமா? சாவுச் சேதி சொல்லியிருக்கிறேன். முன்பின் பார்த்திராத ஒரு மனிதரின் மாமனார் இறந்ததற்கு நான் குரல் தழுதழுத்திருக்கிறேன். கடலை விலை கேட்டிருக்கிறேன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

ஒருவர் மதுரையில் இருந்த தம்பியைத் திட்டுவதற்காகவே போன் போட்டார். வரப்புத் தகராறு. பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் ரிசீவரில், “உங்கள் அண்ணன் உங்கள் மேல் வருத்தமாக இருக்கிறார்” என்றேன்.

“நான் அப்படியா சொன்னேன்?” என்றார் அவர். “சொன்னதச் சொன்னபடி சொல்லுங்க சார். மூணு நிமிசம் ஓடுதுல்ல.”

பாதியைச் சொன்னேன். மீதியைச் சொல்ல என் நாக்கு வரவில்லை. அந்தத் தம்பி பதிலுக்குத் திட்டியதை முழுக்க வாங்கிக்கொண்டது என் காதுதான்.

இப்படி ஒரு வருடம் ஓடியது. யாருடைய வீட்டில் என்ன புகைகிறது என்று எனக்கு அத்துப்படி. வெளியில் ஒரு வார்த்தை விட்டதில்லை. அதற்கு என் குணம் பாதிக் காரணம் என்றால், நாள் முழுக்கப் பேசிவிட்டு மேற்கொண்டு பேசச் சலிப்பாக இருந்தது மீதிக் காரணம்.

வெள்ளிக்கிழமை, பதினொரு மணி

அம்பலகாரரின் மனைவி ஆபீசுக்கு வந்தது போன் வந்து சில மாதங்கள் கழித்து. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சிவந்த ஒல்லியான உடம்பு. பேச்சு மெதுவாக, வாய்க்குள்ளேயே இருக்கும். ஊர் அவரை அம்பலகாரர் வீட்டம்மா என்றது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைதான் வருவார். அன்று புதுக்கோட்டைச் சந்தை, அம்பலகாரர் விடிந்ததும் வண்டி பூட்டிப் போய்விடுவார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அந்த நேரத்தில் எந்த நல்ல காரியத்தையும் ஊரில் யாரும் பேச மாட்டார்கள் என்பதால் ஆபீஸ் காலியாக இருக்கும். அதற்காகவே அந்த நேரத்தைப் பிடித்தார்.

அவர்களுக்கு ஒரே மகள், சரோசா. மோட்டார் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்த வேறு சாதிப் பையனோடு திருச்சிக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டவள். அம்பலகாரர் அன்றே தலைமுழுகிவிட்டார். அதோடு விடவில்லை. மனைவியைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிமேல் அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவைத்தார். இதையெல்லாம் அந்த அம்மாதான் முதல் நாள் என்னிடம் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டே.

“நான் பேச மாட்டேன் தம்பி. சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க பேசுங்க. நான் நின்னு கேட்டுக்கிறேன்.”

மருமகன் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க். வீடு அதற்குப் பின்னாலேயே. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சரோசா அங்கே வந்து காத்திருப்பாள்.

“சாப்பிட்டாளான்னு கேளுங்க.”

“சாப்பிட்டீங்களாம்மா?”

“மாப்ள நல்லா வச்சிருக்காராண்டு கேளுங்க.”

கேட்டேன். அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அந்த அம்மா ரிசீவரைத் தொடக்கூட மாட்டார். ஆனால் மேசைக்கு அருகில் வந்து, உள்ளே இருந்து கசியும் குரல் கேட்கிறதா என்று தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். நான் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடிப்பேன். அதற்கு விதி இருக்கிறதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

மாதத்துக்கு ஒரு முறை, இரு முறை என்று மொத்தம் பதினொரு வெள்ளிக்கிழமைகள். கடைசியாகப் பேசியபோது சரோசாவுக்கு எட்டாம் மாதம்.

“தலைப்பிரசவம்” என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா. வேறு எதையும் கேட்கச் சொல்லவில்லை. மூன்று நிமிடமும் அந்தப் பக்கம் அழுகை, இந்தப் பக்கமும் அழுகை. நடுவில் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வரியிலும் என் பெயரைத்தான் எழுதினேன்.

விரல் நின்ற இடம்

இன்ஸ்பெக்டர் வந்தது ஒரு வியாழக்கிழமை. நல்லவர், ஆனால் தாளில் இருப்பதை மட்டும் நம்புகிறவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிக்கிழமைகளைத் தவிர.

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பா எரிச்சலா என்று தெரியவில்லை.

“நாளைக்குப் பன்னிரண்டு மணி பஸ்சுல நான் போகணும். அதுக்குள்ள ஊர்க்காரங்க வந்து, இது எனக்காகப் பேசினதுன்னு வரிக்கு வரி ஒத்துக்கிட்டு கையெழுத்தோ ரேகையோ வைக்கட்டும். பாக்கலாம்.”

வரவேற்க வந்திருந்த அம்பலகாரரைப் பெஞ்சில் உட்காரவைத்து, சாட்சிக் கையெழுத்துப் போட நீங்கள் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவரும் சந்தையை ஒரு வாரம் விட்டுவிடுவதாகச் சொன்னார். பிறகு இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்துப் பதிவேட்டில் சில வரிகளுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனார்.

“இது வேற மாதிரி இருக்கே. மொத்தம் பதினொரு போன் கால். எல்லாம் திருச்சி, ஒரே நம்பர். எல்லாம் வெள்ளிக்கிழமை. எல்லாம் பதினொரு மணி.”

அம்பலகாரர் அதைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

“அது எங்க ஊர்க்காரன் பேசுனது இல்லீங்க. வெள்ளிக்கெழம பதினோரு மணி ராகுகாலம். அந்த நேரத்துல நாங்க ஒரு மாட்டக்கூட அவுத்துக் கை மாத்த மாட்டோம். போன் எங்கிட்டுப் பேசுறது?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கும் முப்பது வயது ஆள், காலி ஆபீசில், வெள்ளிக்கிழமைகளில் திருச்சிக்குப் பேசுகிறான். வேறென்ன நினைப்பார்கள்?

“யாருக்காகப் பேசினீங்க, சுந்தரம்?”

“சொல்ல முடியாது சார்.”

“அப்ப சொந்தமாப் பேசினதுன்னு எழுதிக்கவா?”

காதெல்லாம் சூடேறியது.

“போஸ்ட்மாஸ்டர் ஆபீஸ் நேரத்துல சொந்த விஷயம் பேசுறதுக்குத்தான் இந்த லைன்னு நான் எழுதினா மேல என்ன பண்ணுவாங்க தெரியும்ல? ஒங்களையும் மாத்துவாங்க, போனையும் எடுத்துடுவாங்க. நாளைக்குப் பன்னிரண்டு மணி வரைக்கும் யோசிங்க.”

ஒரு கார்டு வாங்க வந்தவர்

அன்று நாலு மணிக்கு அந்த அம்மா வந்தார். வியாழக்கிழமை அவர் வந்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் சத்திரத்துக்குப் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு தபால் கார்டு கேட்டார்.

“அவுக சோத்துல கை வைக்கும்போது சொன்னாக” என்றார். “ஒங்களுக்குத் திருச்சியில யாரோ இருக்காகன்னு. போஸ்ட்மாஸ்டர நல்லவருன்னு நெனச்சமேன்னு சொன்னாக.”

“சொல்லிட்டுப் போகட்டும்மா.”

“ஒங்க வீட்டுல கேட்டா?”

வல்லத்திராக்கோட்டைக்குச் செய்தி போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று நானும் மத்தியானத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“வேல போயிருமா தம்பி?”

“போகாது. வேற ஊருக்கு மாத்துவாங்க.”

“போனு?”

“அதை எடுத்துருவாங்கன்னு நினைக்கிறேன்.”

கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவருக்கு எழுதத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எழுதத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இருவர், ஒருத்தி திருச்சியில் இருந்தாள்.

“இன்னும் பதினஞ்சு இருவது நாளுதான் இருக்கும்” என்றார். பிரசவத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. “அவ செத்தாளா பொழச்சாளான்னு எனக்கு யாரு தம்பி சொல்லுவா?”

“அம்மா, நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேன். அது உறுதி. நீங்க எதுவும் செய்ய வேண்டாம்.”

தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அன்றைக்கு உலை வைக்கவில்லை. ஊரார் எல்லாருக்காகவும் பேசிய வாய்க்கு எனக்காகப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன் இந்த உத்தியோகத்துக்கு வந்தோம் என்று இருந்தது.

ரேகைகள்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. முந்தின சாயங்காலமே தண்டோரா போட்டிருந்தார்கள்.

யாருக்கும் தேதி தெரியாது. “எங்க மாமன் செத்தன்னிக்கிப் பேசுனது” என்றார் ஒருவர். “செவலக் காளைய வித்ததுக்கு மறுநாளு” என்றார் இன்னொருவர். இன்ஸ்பெக்டர் பஞ்சாங்கத்தை வாங்கிவரச் சொல்லி, பதிவேட்டை ஒரு கையிலும் அதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு வரியைக் கண்டுபிடித்தார். கட்டை விரலை மையில் அமுக்கி அமுக்கி என் மேசை விரிப்பு நீலமாயிற்று. ஒவ்வொன்றின் கீழும் அம்பலகாரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

மதுரைத் தம்பியைத் திட்டியவர் வந்தார். “என்ன விஷயமாப் பேசினீங்க?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். “நலம் விசாரிச்சேன்” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போனையே தொட்டிராத ஒரு பெரியவர், இன்னொருவரின் சென்னை அழைப்பைத் தன்னுடையது என்று சொல்லி ரேகை வைக்கக் கையை நீட்டினார். “யார்கிட்டப் பேசினீங்க?” என்றதற்கு, “யாராச்சும் இருப்பாக. போனு ஊருல இருக்கணுமுல்ல” என்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டியிருந்தது.

பத்தரை மணிக்கு ராகுகாலம் வந்துவிட்டது. வாசல் காலியாயிற்று. பக்கம் பக்கமாக நீல ரேகைகள் இருந்தன. புள்ளி வைத்த பதினொரு வரிகள் மட்டும் வெறுமையாக இருந்தன.

“சுந்தரம், சொல்றீங்களா?”

“இல்ல சார். சொந்தமாப் பேசினதுன்னே எழுதிக்குங்க.”

அம்பலகாரர் உதட்டைப் பிதுக்கினார். இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

மூன்று நிமிடம்

பதினொன்று அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. வாசலில் நிழல் தட்டியது. அந்த அம்மா நேராக உள்ளே வந்தார். ஜன்னலில் நிற்கவில்லை. குளித்து, நெற்றியில் திருநீறு இட்டிருந்தார்.

“இங்க எதுக்கு வந்த?” என்றார் அம்பலகாரர்.

அவர் கணவரைப் பார்க்கவில்லை.

“அந்த லாரி ஆபீசு நம்பரப் போடுங்க தம்பி.”

அம்பலகாரரின் முகத்தில் அது ஒவ்வொன்றாக ஏறியதை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. சந்தை. பதினொரு மணி. திருச்சி.

நான் கைப்பிடியைச் சுற்றினேன். எக்ஸ்சேஞ்சில் நம்பரைச் சொன்னேன். காத்திருக்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் இருக்கும். என் உத்தியோகத்தில் அவ்வளவு நீளமான இருபது நிமிடத்தை நான் பார்த்ததில்லை. அந்த அம்மா சுவரோரமாக நின்றார். அம்பலகாரர் பெஞ்சில் இருந்து எழுந்திருக்கவில்லை. அரக்கு வாடையும் கடிகாரச் சத்தமும்தான் இருந்தன.

“சத்தியம் பண்ணியிருக்க” என்றார் அம்பலகாரர், கடைசியில். அந்த இடிக்குரலைக் காணோம்.

“பண்ணுனது நான்தான. வாறது எனக்கு வரட்டும்.”

மணி அடித்தது. நான் எடுத்தேன். சரோசாதான். “ஒரு நிமிஷம் இருங்கம்மா” என்று சொல்லி, ரிசீவரை நீட்டினேன். அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தார். வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பினார்.

“வயிறு எறங்கிருச்சான்னு கேளுங்க தம்பி.”

“நீங்களே கேளுங்கம்மா. அவங்களுக்குக் கேக்கும்.”

ரிசீவரை வாய்க்கு நெருக்கிக்கொண்டார்.

“சரோசா. ஆத்தா பேசுறேன்டி.”

உள்ளிருந்து, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்கும்படி ஓர் அழுகை. அந்த அம்மா அழவில்லை. கேள்வி கேள்வியாகக் கேட்டார். கால் வீங்குதா. சோறு எறங்குதா. யாரு தண்ணி தூக்குறா. பதினொரு வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்கச் சொன்னவை எல்லாம் பாதிதான் போலிருக்கிறது.

திடீரென்று ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். “நடுவுல யாரோ பேசுறாக.”

வாங்கிக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சுக்காரர். மூணு நிமிஷம் ஆச்சு, முடிக்கவா, நீட்டிக்கவா என்றார். நான் அதையே யாரையும் பார்க்காமல் பொதுவாகத் திருப்பிச் சொன்னேன். “முடிக்கவா, நீட்டிக்கவான்னு கேக்குறாங்க.”

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீட்டச் சொல்லுங்க” என்றார் அம்பலகாரர். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பங்குனி வெயில், வேர்வையாகவும் இருக்கலாம்.

நீட்டச் சொல்லி ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறு நிமிடம் முடிந்து அந்த அம்மா அதை வைத்தார். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

“அம்மா, இந்தப் பதினொண்ணு? இதுவும் நீங்க பேசினதுதானே? ரேகை வைக்கிறீங்களா?”

“அது நான் பேசலீங்கய்யா” என்றார் அந்த அம்மா. “அதுல தம்பிதான் பேசுனாரு. நான் நின்னேன். இன்னைக்குத்தான் பேசுனேன்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். தாளில் இருப்பதை மட்டும் நம்புகிறவர் அல்லவா, அந்தப் பதினொன்றும் என் பெயரிலேயே நின்றன. மணமேல்குடி அங்கிருந்துதான் வந்தது. போன் ஊரில் இருந்தது. அதைப் பற்றி எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். நாள் எழுதினேன். நேரம் எழுதினேன். நம்பர், ஆறு நிமிடம். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அத்தனை வெள்ளிக்கிழமைகள் அவருக்காகப் பேசியிருக்கிறேன், ஒரு நாளும் அவர் பெயரைக் கேட்டதில்லை.

“உங்க பேரு என்னம்மா?”

அவர் கணவரைப் பார்த்தார். சொன்னார். வழக்கம் போல வாய்க்குள்ளேயே சொன்னார். எனக்கு விழவில்லை.

“நல்லாச் சொல்லு” என்றார் அம்பலகாரர். “அவரு எழுதணும்ல.”

“பொன்னழகு.”

எழுதிக்கொண்டேன்.